உச்சி வெயிலில் கேமராவை எடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே தரும் லென்ஸ்) ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கினேன். வேலூர்க் கோட்டை, அகழி, ரத்தினகிரி, ஏலகிரி, பாலாற்றுப் பாலம் என்று சுற்றாத இடமில்லை. படங்கள் மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் 70-200 லென்ஸ் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். 'லென்ஸ் எல்லாம் வேண்டாம், உனக்கு நீயே ஏதாவது சவால் வைத்துக்கொள்' என்கிறான் நண்பன். அதனால் நிஜமாகவே படம் தேறுமா?
(ஒரு வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. லென்ஸுக்கு வைத்திருக்கும் காசு அப்படியே இருக்கட்டும், ஆறு மாதம் கழித்துப் பேசலாம். ஆனால் சவால் என்றதும் 'இன்று சிவப்பு, நாளை வட்டம், நாளை மறுநாள் தண்ணீர்' என்று எங்கோ கிடைக்கிற பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அது யாரோ யாருக்கோ எழுதியது. உங்களுக்கான சவால் உங்கள் பழைய படங்களுக்குள்ளேதான் இருக்கிறது.

கடைசியாக எடுத்த 200 படங்களை ஒரே மூச்சில் உட்கார்ந்து பாருங்கள். நின்றபடி கண் உயரத்தில் எடுத்தவை எத்தனை, பின்னணியை மங்கலாக்கித் தப்பித்தவை எத்தனை, காலை ஆறரை மணி வெளிச்சம் காப்பாற்றியவை எத்தனை என்று எண்ணுங்கள். ஏதாவது ஒன்றில் நிச்சயம் அதிகமாகச் சாய்ந்திருப்பீர்கள். அதை ஒரு மாதத்துக்கு உங்களிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் சவால்.

நான் சாய்ந்திருந்தது வெளிச்சத்தில். பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை கேமராவைப் பைக்குள் வை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பல வருஷம் அப்படியே இருந்தேன். வேலூரில் இருந்துகொண்டு வெயிலுக்குப் பயந்தால் பாதி நாள் போய்விடுகிறது. ஒரு அக்னி நட்சத்திரத்தில் முடிவு செய்தேன், பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் மட்டும்தான் படம் எடுப்பது, காலையிலும் மாலையிலும் கேமராவைத் தொடுவதில்லை என்று. முதல் வாரம் ஒன்றுகூடத் தேறவில்லை. முகங்களில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள், வானம் வெறும் வெள்ளை. விட்டுவிடலாம் என்றே நினைத்தேன்.

இரண்டாவது வாரம் லாங்கு பஜாரில் ஒரு தக்காளிக் கடை. மேலே கட்டியிருந்த தார்ப்பாய்க்கு நடுவில் ஒரு இடைவெளி, அது வழியாக வெயில் நேராகத் தக்காளிக் குவியல் மேல் விழுந்து, அங்கிருந்து சிவப்பாக மேலே எகிறி, கடைக்கார அம்மாவின் தாடையிலும் கன்னத்திலும் பட்டுக்கொண்டிருந்தது. கீழேயிருந்து வரும் வெளிச்சம்! அத்தனை வருஷம் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை. அப்புறம் எங்கே போனாலும் வெயில் எதில் பட்டுத் திரும்புகிறது என்றுதான் தேட ஆரம்பித்தேன். எதிர்ச் சுவரின் சுண்ணாம்பு, ஒருவர் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டி, விரித்து வைத்த செய்தித்தாள் என எல்லாமே விளக்குதான்.

இன்னொன்றும் அந்த மாதத்தில்தான் தெரிந்தது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது, மே மாதத்தில் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே நிற்கிறது. அதனால் அந்த நாட்களில் கோட்டையின் வடக்குப் பார்த்த சுவரில் மதிய வெயில் மேலிருந்து உரசிக்கொண்டே இறங்கும், கருங்கல்லில் இருக்கிற மேடு பள்ளம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். வேப்பமரத்தடியில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சமும் அப்படித்தான், இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டம், ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனுடைய பிம்பம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று அவை எல்லாம் பிறை பிறையாக மாறியதைப் பார்த்தவர்கள் நம் ஊரில் இருப்பார்கள்.

வெயிலில் எக்ஸ்போஷருக்கு, அதாவது கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதற்கு, ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப் 16, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி. வெயில் பட்ட இடம் சரியாக வரும், நிழல் கறுப்பாகிவிடும். கறுப்பாகட்டும், அதைத் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். கறுப்பையும் ஒரு வடிவமாகப் பார்க்கப் பழகியதுதான் எனக்கு அந்த மாதத்தில் கிடைத்த பெரிய லாபம்.

உங்களுக்கு என்ன சவால் என்று உங்கள் படங்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது. இடம் மாற்றி மாற்றி ஓடியிருக்கிறீர்கள் என்பது மட்டும் கேள்வியிலேயே தெரிகிறது. அதனால் ஒன்று செய்து பாருங்கள். அகழிக்கரையில் ஐம்பது அடி தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், லென்ஸை 35 மி.மீ.யில் வைத்து ஜூம் வளையத்தின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், ஒரு தடவை போனால் 36 படம், ஒரு பழைய ஃபிலிம் ரோல் அளவு. திரையில் பார்க்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. முதல் பத்துப் படம் நீங்கள் ஏற்கெனவே பார்த்த படமாகத்தான் இருக்கும். இருபதுக்குப் பக்கத்தில் சரக்கு தீர்ந்து சும்மா நிற்பீர்கள், சலிப்பாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். நீங்கள் என்னிடம் காட்ட வேண்டியது அதற்கப்புறம் எடுக்கிற பதினாறு படங்களைத்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது போன் மட்டும்தான். அப்பா குடியாத்தத்தில் லுங்கித் தறி நெய்கிறார். அவரைத்தான் நிறைய எடுத்திருக்கிறேன், அவரும் சிரித்துக்கொண்டு நிற்பார். போனை வைத்துக்கொண்டு இந்த மாதிரிச் சவால் எல்லாம் செய்ய முடியுமா அண்ணா?
(கல்லூரி மாணவி, குடியாத்தம்)

பதில்: தாராளமாக. இன்னும் சொன்னால், தினமும் போய் நிற்க ஒரு தறிக்கூடம் வீட்டிலேயே இருப்பது பெரிய வசதிம்மா, விலை உயர்ந்த கேமரா வைத்திருக்கும் பலருக்கு அது கிடைக்காது.

அப்பா சிரித்துக்கொண்டு நிற்பார் என்று எழுதியிருக்கிறாய், அதிலிருந்தே தொடங்கலாம். பத்து நாளைக்கு அவர் முகம் படத்தில் வரக் கூடாது, வேலையும் நிற்கக் கூடாது. முகத்தை விட்டுவிட்டால் என்ன மிச்சம் என்று தேடு. தறியை மிதிக்கும் கால், அறுந்த பாவு இழையை முடிச்சுப் போடும் விரல், ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுகிற கணம், நாடாவுக்குள் தார் (நூல் சுற்றிய குழல்) மாற்றும் கை, ஆணியில் தொங்கும் சட்டை. இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்குவதை நிறுத்திவிடு. பல போன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், ஒரு அடி முன்னால் போனால் முடிந்தது.

கூடத்தில் வெளிச்சம் ஜன்னலிலிருந்தோ கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்தோ வரும், டியூப்லைட்டை அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பார், அப்பா திட்டமாட்டார். போனில் ப்ரோ மோடு (ஷட்டரையெல்லாம் நாமே அமைக்கும் வசதி) இருந்தால் ஒரு நாள் முழுக்க ஷட்டர் 1/15 நொடி மட்டும், போனைத் தூணில் சாய்த்துப் பிடித்துக்கொள், அசையாத தறி தெளிவாக இருக்கும், ஓடுவதெல்லாம் கோடாக இழுபடும். மறுநாள் 1/250 மட்டும். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், பரவாயில்லை. எந்த வேகத்தில் தறி தறி மாதிரி இருக்கிறது என்று நீயே சொல்லிவிடுவாய்.

பதினோராம் நாள் முகத்தை எடு. அன்று அவர் உன்னைப் பார்த்துச் சிரிக்காமல் இழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடு.

கேள்வி: தினம் ஒரு படம் என்று 365 நாள் திட்டம் போட்டேன். 23-ஆம் நாள் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கவே கூச்சமாக இருக்கிறது.
(ஒரு வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: வேலைக்குப் போகிறவருக்கு 365 ரொம்ப அதிகம். ராத்திரி பதினோரு மணிக்கு 'இன்றைய படம் பாக்கி' என்று டீ டம்ளரை எடுப்பதில்தான் அது பெரும்பாலும் முடிகிறது, நானே அப்படி எத்தனையோ டம்ளர் எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே விஷயம், ஒரே இடம். ஒரு வாரம் விட்டுப்போனால் கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், முதலிலிருந்து எண்ண வேண்டாம்.

அதற்கு முன்னால் அந்த 23 படத்தையும் 4x6 அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஸ்டுடியோவில் ஒரு படத்துக்குச் சில ரூபாய்தான் ஆகும். இரண்டு மூன்று படங்கள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், அது ஒரு ஆளாக இருக்கலாம், ஒரு கதவாக இருக்கலாம், ஒரு நேரமாக இருக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள்.