காண்டர் ஆறு: உங்கள் இரண்டு வரைபடங்களும் சரிதான்

நண்பரே, 1700-க்கு முந்தைய வரைபடத்தில் சுவிட்சர்லாந்தின் காண்டர் ஆறு தூன் நகருக்குக் கீழே ஆரே ஆற்றில் சேர்கிறது, இப்போதைய வரைபடத்திலோ தூன் ஏரிக்குள் விழுகிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் நம்பலாம். ஆற்றைத்தான் இடம் மாற்றிவிட்டார்கள்.

பனிமலையில் பிறந்து காண்டர்ஸ்டேக், ஃபுருட்டிகன் வழியாக இறங்கும் காண்டர், விம்மிஸ் அருகே சிம்மே ஆற்றையும் சேர்த்துக்கொள்கிறது. அப்புறம் ஏரிக்கு இணையாக ஓடி, கல்லும் மணலும் கொட்டி, தூனைச் சுற்றியிருந்த வயல்களை அடிக்கடி மூழ்கடித்தது. அதனால் பெர்ன் அரசு 1711 முதல் 1714 வரை, நில அளவையாளர் சாமுவேல் போட்மர் மேற்பார்வையில், குறுக்கே நின்ற ஷ்டிரெட்லிகன் குன்றைக் குடைந்து ஆற்றை ஏரிக்குத் திருப்பியது.

கூத்து அதற்குப் பிறகுதான். புதுப் பாதை நீளம் குறைவு, சரிவோ செங்குத்து. தண்ணீர் சுரங்கத்தின் தரையை அரித்துத் தள்ள, கூரை இடிந்து, இன்று நீங்கள் பார்க்கும் ஆழமான பள்ளம் உருவானது. அரிப்பு ஆற்றின் மேல்பக்கமாகவும் ஏறியது. வண்டல் ஏரி முகத்தில் திட்டாகச் சேர்ந்தது. கூடுதலாக வந்த நீரை வெளியேற்ற ஏரியின் வாய் போதவில்லை. வெள்ளம் இப்போது தூன் நகருக்குள்ளேயே வந்தது! மதகுகள் கட்டினார்கள். அப்படியும் 1999, 2005 வெள்ளங்கள் பட்ட பிறகு, 2009-இல் நகருக்கு அடியில் ஒரு வடிகால் சுரங்கம் திறந்தார்கள்.

பழைய தடம் வேண்டுமென்றால் கிளூட்ஷ்பாக் ஓடையைத் தேடுங்கள். அவ்வளவு அகலமான பள்ளத்தாக்கில் அந்தச் சின்ன ஓடை ஏன் என்பது உடனே புரியும்.