டைகாக்சின் சாப்பிடுபவருக்கு மஞ்சள் வளையம் தெரிந்தால்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 74 வயது. இதயம் பலவீனம், துடிப்பும் சீராக இல்லை. டைகாக்சின் 0.25 மி.கி. வாரத்தில் ஐந்து நாள், நீர் பிரிய ஃப்ரூஸமைடு தினமும். போன வாரம் வயிற்றுப்போக்கு வந்து நின்றது. அதிலிருந்து குமட்டுகிறது, சாப்பாடே வேண்டாம் என்கிறார். ட்யூப்லைட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறதாம். கண் டாக்டரிடம் காட்டலாமா?"

கண் டாக்டர் அப்புறம். இன்றே இதய மருத்துவரிடம் போங்கள்; அவரிடம் பேசும்வரை அடுத்த டைகாக்சினைக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் எல்லாமே அந்த மருந்து உடலில் மிஞ்சியிருக்கலாம் என்று காட்டுகின்றன. மயக்கம் வந்தாலோ, நாடி மிகவும் மெதுவானாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

இதயத் தசைச் செல்லின் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் பம்பு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ 1957-இல் கண்டறிந்த பம்பு இது. டைகாக்சின் இதை ஓரளவு தடுக்கிறது. உள்ளே சோடியம் ஏறுவதால் கால்சியம் வெளியேறுவது குறைகிறது. தங்கிய கால்சியத்தால் தசை வலுவாகச் சுருங்குகிறது. பலன் அதுதான். அதே கால்சியம் அளவு மீறினால் செல்கள் கண்ட நேரத்தில் துடிக்க ஆரம்பிக்கும். இந்த மருந்தில் பலனுக்கும் ஆபத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு.

ரத்தத்தில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால், டைகாக்சின் பம்பைப் பற்றுவது மட்டுப்படும். குறைந்தால் அதே மாத்திரை கூடுதலாகப் பற்றும். ஃப்ரூஸமைடும் வயிற்றுப்போக்கும் பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போகின்றன. நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகமும் தளரும். டைகாக்சின் வெளியேறும் முக்கிய வழியே அதுதான். நல்ல சிறுநீரகத்திலேயே உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய 36 முதல் 48 மணி நேரம் ஆகும். அளவை யாரும் மாற்றாமலேயே மருந்து மிஞ்சுவது இப்படித்தான்.

ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), டைகாக்சின் அளவு எல்லாம் பார்க்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஆறு மணி நேரமாவது கழித்து எடுத்த ரத்தத்தில்தான் டைகாக்சின் அளவு சரியாகத் தெரியும். எனவே மாத்திரை கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். பலவீனமான இதயத்துக்கு (இதயச் செயலிழப்பு) மருந்து பலன் தர, ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5–0.9 நானோகிராம் போதும். ஆனால் பொட்டாசியம் குறைந்திருந்தால் அந்த அளவிலேயே தொல்லை வரலாம். அதனால் 'ரிப்போர்ட் நார்மல்' என்று திரும்பிவிடாதீர்கள்.

பொட்டாசியம் குறைவுதானே என்று இளநீரோ சிரப்போ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ஏறியும் இருக்கலாம். அதுவும் இதயத்துக்கு ஆபத்து. வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். அமியோடரோன், வெரபமில் (இரண்டும் இதய மருந்துகள்), கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்) இவற்றில் எது இருந்தாலும் அது டைகாக்சின் அளவைக் கூட்டிவிடும்.