'பிளாக்' என்று சொன்னால் தப்பா?

கேள்வி: அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. மதியம் சாப்பிடும்போது, வேறு டீமில் இருக்கும் ஒருவரை அடையாளம் சொல்வதற்காக 'அந்த நீக்ரோ' என்றேன். மேசையே அமைதியாகிவிட்டது. நிறத்தைச் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் 'பிளாக்' என்பதைத் தவிர்த்தேன். பிறகு எதைத்தான் சொல்வது?

பதில்: நீங்கள் அப்படியே தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் ஏன் என்று புரிகிறது. தமிழில் ஒருவரைக் 'கறுப்பு' என்றால் பெரும்பாலும் அது கேலி. அதனால் ஆங்கிலத்திலும் 'பிளாக்' சுடும், 'நீக்ரோ' ஏதோ பாடப்புத்தகத்தில் வரும் மரியாதையான சொல் என்று தோன்றிவிடுகிறது.

ஒரு காலத்தில் அது மரியாதையான சொல்தான். 1963-இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையிலேயே திரும்பத் திரும்ப வரும். ஆனால் பேருந்திலும் பள்ளியிலும் தங்களைத் தனியாக ஒதுக்கிவைத்த காலத்தின் வாடை அதில் ஒட்டிக்கொண்டிருந்ததால், 1960-களின் பிற்பகுதியில் கறுப்பின இளைஞர்கள் அதைத் தூக்கிப்போட்டார்கள். அதுவரை வசவுபோல ஒலித்த 'பிளாக்'கை அவர்களே எடுத்துப் பெருமையோடு வைத்துக்கொண்டார்கள். 1988-இல் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் 'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்' என்பதை முன்வைத்தார். அரசு வழக்கம்போல மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது: 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில்கூடப் பழைய சொல் இருந்தது. 2016-இல்தான் கூட்டாட்சிச் சட்ட வாசகங்களிலிருந்து அதை நீக்கும் மசோதாவில் ஒபாமா கையெழுத்திட்டார்.

ஆக, இன்றைக்கு 'பிளாக்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஒரு நுணுக்கம் மட்டும்: 'பிளாக் மேன்', 'பிளாக் உமன்' சரி, 'எ பிளாக்', 'தி பிளாக்ஸ்' என்று வெறும் நிறத்தையே ஆளாக்கிப் பேசினால் உறுத்தும். 'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்' பாதுகாப்பானது என்று எல்லோருக்கும் அதை ஒட்டவும் முடியாது, போன வருடம் நைஜீரியாவிலிருந்தோ ஜமைக்காவிலிருந்தோ வந்தவர் அந்தப் பெயரைத் தன்னுடையதாக நினைக்காமல் இருக்கலாம். 'நிறமுள்ளவர்' என்று பொருள்படும் 'கலர்ட்' வேண்டவே வேண்டாம். வெள்ளையர் அல்லாத எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் 'பீப்பிள் ஆஃப் கலர்' மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள். சொல்லுக்குள் தர்க்கம் தேடினால் கிடைக்காது, யார் யாரை எப்போது அப்படி அழைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதே 'கலர்ட்' இன்றும் ஒரு சமூகத்தின் பெயராகப் புழங்குகிறது!

அப்புறம், அன்று உங்களுக்கு இனப்பெயரே தேவைப்பட்டதா? நீலச்சட்டை, ஜன்னல் பக்கம் உட்காருபவர், டேட்டா டீம்காரர் என்று ஏதாவது ஒன்று போதுமே. வெள்ளைக்காரர் ஒருவரைக் காட்டும்போது நாம் 'அந்த ஒயிட்' என்று ஆரம்பிப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பேச்சுக்கே இனம் முக்கியம் என்றால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படி.

நடந்ததற்கு, அன்று மேசையில் இருந்தவர்களிடம் "அன்றைக்கு நான் சொன்னது தப்பான சொல், சாரி" என்று ஒரு வரி சொன்னால் போதும். எங்கள் மொழியில் அப்படித்தான் சொல்வோம் என்று பத்து நிமிடம் விளக்கம் கொடுத்தால், உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர்கள் தலையில் விழும்.

இன்னொன்று: லிஃப்டில் நின்று போனில் தமிழில் பேசும்போதும் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் அது மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும்.