காளையைக் கழுவச் சொன்ன ஆள் சொல்கிறேன்

கேள்வி: ஆங்கிலமே பேசிப் பழகியவர்களுக்கு ஸ்பானிஷ் உச்சரிப்பு ஏன் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது? எப்படிப் பழகுவது?

மொபைல் ஆப் வைத்துத்தான் ஸ்பானிஷ் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் பச்சை டிக் விழுந்திருக்கும். ஒரு மெக்சிகோக்காரர் முன்னால் வாயைத் திறந்ததும் அவர் "கே?" (என்ன?) என்று புருவத்தைத் தூக்கியிருப்பார். எனக்கும் அதேதான் நடந்தது.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. என் ஸ்பானிஷ் இலக்கணம் இன்றைக்கும் ஓட்டைதான். உச்சரிப்பை மட்டும் கேட்டால் சொல்வேன், பட்ட பாடு அப்படி.

2017. ஹூஸ்டனில் என் மச்சினன் உணவகம் வைத்திருக்கிறான். சனி ஞாயிறுகளில் கல்லாவில் நான். சமையலறையில் தோசை மாஸ்டரைத் தவிர எல்லாரும் மெக்சிகோ, ஹோண்டுராஸ் ஆட்கள். பாத்திரம் கழுவும் பெரியவர் மெக்சிகோவில் புவெப்லாக்காரர், என்னை 'ஹெஃபே' என்பார். முதலாளி என்று அர்த்தம். முதலாளி மச்சினன்தான் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு ராத்திரி கடை சாத்தும் நேரம். கிரைண்டர் கல், சாம்பார் அண்டா, தட்டுகள் எல்லாம் குவிந்து கிடந்தன. எல்லாத்தையும் கழுவிடுங்க என்பதற்கு 'லாவே தோதோ' என்று சொல்ல வேண்டும். சொன்னேன். பெரியவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், அண்டாவுக்குள் பார்த்தார், பிறகு இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு "தோரோ?" என்றார். தோரோ என்றால் காளை மாடு. சமையலறையே சிரித்தது.

நடந்தது இதுதான். அமெரிக்கர்கள் 'வாட்டர்' என்பது நம் காதில் 'வாரர்' என்று விழும், கவனித்திருக்கிறீர்களா? இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் வரும் ட, நாக்கு நுனி ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடும். அந்தத் தட்டுதான் ஸ்பானிஷில் ஒற்றை ர. 'தோதோ'வை அமெரிக்க வாயால் சொன்னால் 'தோரோ' ஆகிவிடும். 'காதா' என்றால் ஒவ்வொரு. அது 'காரா', அதாவது முகம் ஆகிவிடும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: 'பட்டர்' சொல்லும்போது வரும் அதே தட்டை 'பெரோ'வில் (ஆனால்) போட்டால் ர சரியாக விழும்.

சரி, நாகர்கோவில்காரன் எனக்கு எங்கிருந்து வந்தது அமெரிக்க நாக்கு? 2004இல் சென்னையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட் பயிற்சி என்று ஆறு வாரம். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு 'பேப்பர்', 'டேபிள்' என்று சொல்ல வேண்டும். காற்றுப் பட்டு பேப்பர் ஆட வேண்டும். ஆடாவிட்டால் எம்.டி.ஐ., அதாவது தாய்மொழிச் சாயல் என்று மார்க் போடுவார்கள். மூன்று மாதம் என் இன்சென்டிவ் அதில் போனது. வாடகை கொடுக்கக் காசில்லாமல் மேன்ஷன் வாட்ச்மேனிடம் கடன் வாங்கினேன். தாய்மொழி என்ன தொற்றுவியாதியா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இருபது வருடமாக இதை எழுத ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தம் ஒன்று உண்டு. ஸ்பானிஷில் ப, த, க மூன்றுக்கும் அந்தப் பேப்பர் ஆடவே கூடாது. மசால் தோசைக்கு உருளைக்கிழங்கு கேட்கும்போதெல்லாம் 'ப்ஹாப்பாஸ்' என்று காற்றை ஊதிக்கொண்டிருந்தேன். வெறும் 'பாப்பாஸ்', நம் பாப்பா மாதிரி.

வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்றால் ஒரு வழி சொல்கிறேன். ஸ்பானிஷை ஆங்கில எழுத்தொலியில் வாசிக்காதீர்கள், தமிழில் எழுதி வாசியுங்கள். 'தோதோ' என்று எழுதிப் பாருங்கள். முதல் த வன்மையாக வரும், நடுவில் வருவது 'அது'வில் வருகிற மாதிரி தானாக மெலியும். அங்கேயும் அதேதான். 'அமிகோ'வில் 'பகல்' என்பதன் க. மெல்லினத்துக்குப் பின்னால் அழுத்தம்: 'குவாந்தோ'வின் ந்தோ நம் 'பந்து'தான். நடுவில் மெலியாத இடத்தில் ஒற்றெழுத்தைப் போடுங்கள்: சொக்கொலாத்தே. ஆங்கிலத்தில் 'சாக்லெட்' என்று விழுங்குவதை அங்கே நான்கு அசையாக முழுசாகச் சொல்ல வேண்டும். 'நோ' என்றால் நோதான். கடைசியில் உதட்டைக் குவித்து 'நோவ்' என்று இழுத்தால் ஆங்கில வாய் என்று உடனே தெரிந்துவிடும்.

இதை வைத்துத் தமிழிலிருந்துதான் ஸ்பானிஷ் பிறந்தது என்று நான் சொன்னதாக யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம். இது எல்லா இடத்திலும் பொருந்தவும் பொருந்தாது. விரலுக்கு 'தேதோ' என்பார்கள்; அதன் முதல் த, 'தேன்' த இல்லை, 'தினம்' என்பதை வடமொழிக்காரர் சொல்லும் அழுத்தமான த. 'ஹெஃபே'யின் ஹ-வும் தொண்டையைக் காறுகிற மாதிரி வரும், தமிழில் கிடையாது.

நாயைக் குறிக்கும் 'பெறோ'வுக்கு நாக்கு உருள வேண்டும். எல்லாரும் மாதக்கணக்கில் வாய் கொப்பளித்துப் பழகுவார்கள். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. எங்கள் ஆச்சி கரியை ஒரு மாதிரியும் கறியை ஒரு மாதிரியும் சொல்வாள். சென்னையில் ஹாஸ்டலில் அந்த ற-வைச் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டினார்கள்.

இப்போது என் மகள் பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். பில் ரோலில் ஒரு துண்டு கிழித்து அவள் வாய்க்கு முன்னால் பிடித்து 'பாப்பாஸ்' சொல்லச் சொல்கிறேன். பேப்பர் நன்றாகவே ஆடுகிறது. "அப்பா, எனக்கு கிளாஸ்ல ஏ கிரேடு" என்கிறாள். பெரியவரிடம் ஒருநாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.