இரண்டு தொடர்கள், ஒரே தவளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் ஏழு வயது மகன், அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரான செசமி ஸ்ட்ரீட்டின் பழைய பகுதிகளில் மழைக்கோட்டும் தொப்பியும் அணிந்து செய்தி சேகரிக்கும் கெர்மிட் என்ற தவளைப் பொம்மையைப் பார்த்துப் பழகியவன். அண்மையில் மப்பெட் ஷோ என்ற பொம்மலாட்ட நகைச்சுவைத் தொடரில் அந்தத் தவளை ஒரு நாடக அரங்கை நடத்துவதைப் பார்த்துவிட்டு, இது அதே கெர்மிட்டா, வேறு ஒருவனா என்று கேட்கிறான். எனக்கு இன்னொரு ஐயம். ஒரு தொடரின் பொம்மையை மற்றொரு தொடருக்குள் கொண்டுவருவது, பார்வையாளர்களை இங்கிருந்து அங்கே இழுக்கும் வணிக உத்தி மட்டும்தானே? இதில் கலை என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள், அதே கெர்மிட்தான். அவன் இரண்டு தொடர்களுக்கும் மூத்தவன். பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் 1955இல் வாஷிங்டனின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, தம் தாயாரின் பழைய மேலங்கியையும் பிங்பாங் பந்தின் இரண்டு பாதிகளையும் கொண்டு அவனைச் செய்தார். செசமி ஸ்ட்ரீட் 1969இலும் மப்பெட் ஷோ 1976இலும்தான் தொடங்கின. செய்தியாளனாக இருந்தாலும் அரங்க நிர்வாகியாக இருந்தாலும் அவனுடைய நிலைமை ஒன்றே: சுற்றியுள்ள எல்லாரும் குளறுபடி செய்ய, நடுவில் நின்று ஒழுங்கைக் காப்பாற்றப் போராடுகிறவன். உடையும் தொழிலும் மாறினாலும் சுபாவம் மாறாததால்தான் உங்கள் மகனுக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்கிறது.

வணிக நோக்கம் இல்லவே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். செசமி ஸ்ட்ரீட்டின் எர்னியும் பெர்ட்டும் மப்பெட் ஷோவுக்கு விருந்தினராக வந்ததில் அறிமுகப்படுத்தும் நோக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான என் பதில், 1987 டிசம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'எ மப்பெட் ஃபேமிலி கிறிஸ்துமஸ்' என்ற சிறப்பு நிகழ்ச்சி. மப்பெட் ஷோவின் ஃபோஸி கரடியுடைய தாயாரின் பண்ணை வீட்டில் மப்பெட் ஷோ, செசமி ஸ்ட்ரீட், ஹென்சனின் இன்னொரு தொடரான ஃப்ராகிள் ராக் ஆகிய மூன்று தொடர்களின் பொம்மைகளும் பனிப்புயல் இரவில் ஒன்றுகூடுகின்றன. இதை எழுதிய ஜெர்ரி ஜூல் இந்தத் தொடர்களில் எல்லாம் பணியாற்றியவர். ஒவ்வொரு பாத்திரமும் தன் தொடரின் பேச்சையும் பழக்கத்தையும் கூடவே எடுத்துவர வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஃப்ராகிள் ராக்கின் மனிதப் பாத்திரமான டாக்கிடம் எர்னியும் பெர்ட்டும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் காட்சியைப் பாருங்கள். அவர் தம் பெயரைச் சொன்னவுடன் அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர் அடுத்துச் சொல்லும் சொல்லுக்கும் அப்படியே. அவர் குழம்பிப்போய்க் கேட்டதும், தங்கள் ஊரில் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே இப்படித்தான் என்று விளக்குகிறார்கள். எழுத்தறிவிக்கப் பிறந்த ஒரு தொடரின் இயல்பு முழுவதும், அதை அறியாத ஒருவர் எதிரில் நிற்பதால் மட்டுமே, நகைச்சுவையாகவும் அன்பாகவும் வெளிப்படுகிறது. செசமி ஸ்ட்ரீட்டுக்குள்ளேயே இதை எழுதியிருக்க முடியாது, ஏனெனில் அங்கே யாருக்கும் இது விந்தையாகத் தோன்றாது.

அதைவிடவும் எனக்குப் பிடித்தது, மப்பெட் ஷோவின் சமையல்காரரான ஸ்வீடிஷ் ஷெஃப், செசமி ஸ்ட்ரீட்டின் பிக் பேர்டை வான்கோழி என்று எண்ணிச் சமைக்கத் துணியும் காட்சி. எதிர்ப்பட்டதையெல்லாம் வெட்டிக் குழம்பாக்குவது மப்பெட் ஷோவின் முரட்டு நகைச்சுவை. பிக் பேர்டோ எட்டடிக்கு மேல் உயரம் கொண்ட, ஆனால் ஆறு வயதுக் குழந்தையின் மனம் கொண்ட பறவை. தனக்கு வரும் ஆபத்தை அறியாமல், பண்டிகை நாளில் சொந்த ஊரைவிட்டு இவ்வளவு தொலைவில் இருக்கிறாரே என்று சமையல்காரருக்காக வருந்தி, சாக்லேட் பூசிய பறவைத் தீவனத்தை அவருக்குப் பரிசாகக் கொடுக்கிறான். ஷெஃப் மனம் இளகி விடுகிறார். இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஷெஃப்பை இயக்கியவர் ஹென்சன். பிக் பேர்டின் உடைக்குள் இருந்தவர் கரோல் ஸ்பின்னி. இரு தொடர்களின் அறங்கள் நேருக்கு நேர் சந்தித்து, அவற்றுள் மென்மையானது வெல்வதை சில நிமிடங்களிலேயே காட்டிய காட்சியைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஒரே கைகள் பல வீடுகளில் இயங்கியதால்தான் இது இயன்றது. எர்னியும் கெர்மிட்டும் ஹென்சனின் குரல். பெர்ட்டும் ஃபோஸியும் மிஸ் பிக்கியும் ஃபிராங்க் ஓஸின் குரல். 1990இல் ஹென்சன் மறைந்த பிறகு உரிமைகள் பிரிந்தன. செசமி ஸ்ட்ரீட் பாத்திரங்கள் அதன் தயாரிப்பு நிறுவனத்துக்கே சென்றன. கெர்மிட் உள்ளிட்ட மப்பெட் ஷோ பொம்மைகளை 2004இல் டிஸ்னி வாங்கியது. ஃப்ராகிள் ராக் பாத்திரங்கள் ஹென்சன் நிறுவனத்திடமே இருக்கின்றன. முன்பு ஒரு பட்டறைக்குள் நடந்த போக்குவரத்து இப்போது நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தமாகிவிட்டது. 2019இல் செசமி ஸ்ட்ரீட்டின் 50ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குக் கெர்மிட் வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. அது அரிய நிகழ்வாகிவிட்டதில் வருத்தமும் உண்டு.

மகனுக்கு 1987 நிகழ்ச்சியைக் காட்ட விரும்பினால், அப்போது ஒளிபரப்பான முழு வடிவம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பாடல் உரிமைச் சிக்கலால், பின்னர் அமெரிக்காவில் வீடியோவாக வந்த பதிப்புகளில் சில பாடல்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.