வீட்டுக்கு மீட் ஸ்லைசர்: எதைப் பார்த்து வாங்குவது?

உப்புக்கண்டம் போட ஒரு ஸ்லைசர் வாங்கலாமா என்று தர்மபுரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்த ஊர்தான். முதலில் ஒன்று: இந்த மெஷின் எலும்பை வெட்டாது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு என்றால் காசை வீணாக்காதீர்கள், கறிக்கடைக்காரர் கத்தியே போதும்.

எலும்பில்லாத கறியை மெல்லிசாகச் சீவத்தான் என்றால் பிளேடைப் பாருங்கள். வீட்டு மாடல்களில் பெரும்பாலும் 7.5 அங்குல வட்ட பிளேடு வரும். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, எளிதாகக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கழற்ற முடியாவிட்டால் பிளேடுக்குப் பின்னால் சிக்கும் கொழுப்பும் துணுக்கும் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே நாறிவிடும். எத்தனை வாட்ஸ் என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம். துண்டின் தடிமனை மாற்றும் திருகு 15 மி.மீ. வரை போனால் தாராளம். மோட்டார் சிறியது, 10 நிமிடம் ஓட்டினால் ஆறவிடுங்கள்.

அப்புறம், பச்சைக் கறி வழுக்கும், பிளேடில் இழுபடும். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, பாதி இறுகியதும் சீவுங்கள். ஆனால் கல்லாக உறைய விடக்கூடாது. கடைசித் துண்டைத் தள்ள, கூடவே வரும் பிடியைப் பயன்படுத்துங்கள், விரல் வேண்டாம். கழுவும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவைதான் உப்புக்கண்டம் என்றால், சரி, அருவாமனையே இருக்கட்டும்.