காதோடு பேசலாம்: வெள்ளி ஒயருக்கு 7,500 ரூபாயா?

கேள்வி: 5,000 ரூபாய்க்கு ஐ.இ.எம். (காதுக்குள் செருகும்) இயர்போன் வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "கூட வந்த கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளிக் கேபிள் போடுங்கள், குரல் அப்படியே திறந்துகொள்ளும்" என்கிறார் கடைக்காரர். விலை 7,500 ரூபாய். வாங்கலாமா?
- கல்லூரி மாணவர், கோவை

வேண்டாம் தம்பி. இயர்போனை விட ஒயருக்கு அதிகம் கொடுக்கும் தப்பை உங்களுக்கு முன்னாலேயே நான் செய்து முடித்துவிட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் 14,000 ரூபாய்க்கு ஒரு வெள்ளிக் கேபிள் வாங்கினேன். இருபது வருஷம் மெல்லிசைக் கச்சேரிகளுக்கு மைக் ஒயர் இழுத்தவன், ஒயர் என்றால் ஒயர்தான் என்று தெரிந்தவன். ஆனாலும் அந்தப் பின்னலின் அழகில் விழுந்துவிட்டேன். போட்டுக் கேட்டால், அப்பப்பா! மிருதங்கத்தின் தொப்பி தனியாக, வலந்தலை தனியாக, தம்பூரா பின்னால் தள்ளி. மூன்று வாரம் வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்துக் கேட்க வைத்தேன்.

அப்புறம் அதில் ஒரு பின் வளைந்தது. சரிசெய்யும்வரை தற்காலிகமாக, என் கடையில் கிடந்த சாதாரண செம்பு ஒயரில் ஒரு கேபிள் பின்னினேன். ஜாக் மட்டும் வெள்ளிக் கேபிளில் இருந்தது போலவே 4.4 மி.மீ. அதைப் போட்டுக் கேட்டால் தொப்பி தனியாக, தம்பூரா பின்னால்! அப்போதுதான் பொறி தட்டியது. பழைய கேபிள் 3.5 மி.மீ. ஜாக். போனில் செருகி இயர்போனை மாட்டும் என் சின்ன டாங்கிளில் இரண்டு துளைகள். 4.4 துளையில் ஒவ்வொரு காதுக்கும் போகும் இரண்டு ஒயரையும் தனித்தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சுற்று) ஓட்டுகிறது; அதனால் வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடுதல் சத்தம். நான் ரசித்தது வெள்ளியை அல்ல, வால்யூமை.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு கேபிளுக்கும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைக் குறித்துக்கொண்டேன். (விலை குறைந்த மீட்டர்கள் அதிக ஹெர்ட்ஸில் தப்புக் காட்டும், அதனால்தான் 100.) கண்ணை மூடிக்கொண்டேன். மகன் மாற்றி மாற்றிச் செருகினான். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். காசு சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. 28 கேஜ் (ஒயரின் தடிமன் எண்) செம்பு ஒயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம்; ஓம் என்பது மின்சாரத்தைத் தடுக்கும் அளவு. 1.2 மீட்டர் கேபிளில் போக, வர 2.4 மீட்டர், மொத்தம் அரை ஓம். வெள்ளி செம்பை விட 6 சதவீதம் போல நன்றாக மின்சாரம் கடத்தும். ஆக மிச்சமாவது 0.03 ஓம். 32 ஓம் இயர்போனில் அது ஒரு டெசிபலில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதுவும் முழு வெள்ளியாக இருந்தால். உங்கள் கடைக்காரர் காட்டுவது செம்பின் மேல் வெள்ளி முலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த 7,500 ரூபாயை அப்படியே வையுங்கள். ஒரு சில நூறுக்கு மூன்று, நான்கு அளவு இயர்டிப் (காதுக்குள் போகும் மெத்தென்ற முனை) வாங்கிப் போட்டுப் பாருங்கள். காதுக்கும் டிப்புக்கும் நடுவில் காற்று கசிந்தால் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி, போய்விடும். கேபிள் மாற்றினால் என்ன மாறும் என்று மூன்று வாரம் தேடினேனே, இதை மாற்றினால் மூன்று விநாடியில் தெரியும்.

கேள்வி: அப்படியானால் கேபிளால் ஒலி மாறவே மாறாதா? சில இயர்போன்களில் தெளிவாக மாறுகிறது என்று நண்பர் சத்தியம் செய்கிறார்.
- சேலம் வாசகர்

உங்கள் நண்பர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. எட்டிமோட்டிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இ.ஆர்.-4 வரிசை 1991-இல் வந்தது. அதில் 'எஸ்' மாடல் 100 ஓம், 'பி' மாடல் 27 ஓம். 'பி' வைத்திருப்பவர் நடுவில் ஒரு சிறு அடாப்டர் கேபிளைச் செருகினால் அது 'எஸ்' போல ஒலிக்கும். உச்சஸ்தாயி கொஞ்சம் துலங்கும். அந்த அடாப்டருக்குள் இருப்பது 75 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான்! அதற்கு வெள்ளியும் வேண்டாம், தங்கமும் வேண்டாம்.

பல டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) வைத்த இயர்போன்களில் ஓம் ஹெர்ட்ஸுக்கு ஹெர்ட்ஸ் ஏறி இறங்கும். ஷுர் நிறுவனத்தின் எஸ்.இ.846 மாதிரி 9 ஓம்தான் உள்ள ஒன்றில் கேபிளின் ஓம் அரையிலிருந்து ஒன்றரை ஆனால் மீட்டரில் தெரியும். கவனமான காதுக்கும் தெரியலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "வெள்ளியா, செம்பா" அல்ல, "எத்தனை ஓம்" என்பது. விற்பவர்கள் பெரும்பாலும் அதை மட்டும் அட்டையில் போடுவதில்லை.

கேள்வி: என் கேபிள் ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. புதியது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
- மதுரை வாசகி

இதுதான் கேபிள் மாற்ற நியாயமான காரணம். முதலில் இயர்போன் பக்க இணைப்பைப் பாருங்கள் அம்மா. இரண்டு சின்ன ஊசி இருந்தால் 2-பின். வட்டமாக, டக்கென்று உட்கார்ந்து சுழன்றால் எம்.எம்.சி.எக்ஸ். 2-பின்னில் பெரும்பாலும் 0.78 மி.மீ. ஊசி, சிலவற்றில் 0.75. தடித்த ஊசியை மெல்லிய துளையில் அழுத்தினால் துளை தளர்ந்து, பிறகு பழைய கேபிளும் நிற்காது. கே.இசட். என்ற சீன நிறுவனத்தின் மாடல்கள் சிலவற்றில் சாக்கெட்டே வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதற்குத் தொப்பி வைத்த பின் வேண்டும்.

2-பின்னைத் திருப்பிச் செருகினாலும் உள்ளே போய்விடும், அதில்தான் வில்லங்கம். ஒரு பக்கம் மட்டும் திரும்பிவிட்டால் எதுவும் எரியாது. ஆனால் நடுவில் நிற்க வேண்டிய பாடகர் தலைக்குள் எங்கோ கரைந்து நிற்பார். கடையில் வந்து "டிரைவர் போச்சு" என்று சொன்ன இரண்டு பேருக்கு நான் வெறும் பின்னைத் திருப்பிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எம்.எம்.சி.எக்ஸ். என்றால் நேராக இழுத்துக் கழற்றுங்கள், முறுக்காதீர்கள். அடிக்கடி கழற்றி மாட்டினால் அந்த வளையம் தேய்ந்து, ஒலி விட்டு விட்டு வரும். உங்களுடைய பிரச்சினையே அதுவாகக்கூட இருக்கலாம். வாங்கும் முன் இடது கேபிளை வலது பக்கத்தில் மாட்டிப் பாருங்கள். கோளாறு கேபிளோடு நகர்ந்தால் கேபிள், நகராவிட்டால் இயர்போன்.

கேள்வி: 4.4 மி.மீ. துளையில் என் சாதாரண 3.5 இயர்போனைப் போட அடாப்டர் இருக்கிறதே?
- சென்னை வாசகர்

தயவுசெய்து போடாதீர்கள். 3.5 ஜாக்கில் இரண்டு காதின் நெகட்டிவும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். 4.4 துளையில் அந்த இரண்டையும் இரண்டு ஆம்ப் தனித்தனியாக ஓட்டுகிறது, சேர்த்துவிட்டால் ஷார்ட். நேர் எதிரானது, அதாவது 4.4 கேபிளை 3.5 துளையில் போடும் அடாப்டர், பத்திரமானது.

கேள்வி: கண்ணாடி போல உள்ளே தெரியும் உறை போட்ட கேபிள் உள்ளே பச்சையாகிவிட்டது. பாழாகிவிட்டதா?
- தூத்துக்குடி வாசகர்

இல்லை. கோயில் செம்புக் கலசத்தில் பார்ப்பீர்களே, அதே களிம்புதான்; வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து செய்யும் வேலை. மேல்தோல் பச்சை, உள்ளே செம்பு அப்படியே இருக்கும். மீட்டரில் ஓம் ஏறவில்லை என்றால் போட்டுக் கேளுங்கள். கண்ணுக்கு உறுத்தினால் அடுத்த முறை கறுப்பு உறை போட்டதாக வாங்குங்கள், உள்ளே என்ன நிறம் என்று தெரியாது.

கேள்வி: நடந்தால் சட்டையில் உரசி 'டப் டப்' என்று காதில் விழுகிறதே?
- தஞ்சாவூர் வாசகர்

ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றி முதுகுப் பக்கம் விடுங்கள், கழுத்தருகே ஒரு கிளிப் போடுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் மெல்லிய, தொளதொளப்பான கேபிள் பாருங்கள். என் 14,000 ரூபாய் கேபிள் கம்பி மாதிரி விறைப்பானது. அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினால் குதிரை போவது மாதிரி இருக்கும்.